தேதி போட்ட தீவு

குப்பைத் தீவில் கால் வைத்ததும் மூக்குக்கு வேலையில்லாமல் போனது. உப்புக் காற்று, படகின் டீசல் வாடை, எங்கோ புல் வெட்டிய பச்சை மணம்; அவ்வளவுதான். சிங்கப்பூர் என்கிற ஒரு நாடு கழித்துப் போட்டதில் மறுசுழற்சிக்குப் போனது போக மிச்சமெல்லாம் கடைசியாக வந்து சேரும் இடம் புலாவ் செமாக்காவ். நானோ திருப்பூர் நல்லூர்க்காரன். காங்கேயம் ரோட்டில் காற்று திரும்பினால் எந்தப் பக்கத்துப் பாறைக்குழிக் குப்பை புகைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். எனக்கே இங்கே குப்பை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அக்கா மகன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். "மாமா, ஒருக்கா வாங்க, மெரினா பே, செந்தோசா எல்லாம் காட்டறேன்" என்றுதான் கூப்பிட்டான். அதையெல்லாம் பார்த்தோம்; நன்றாகத்தான் இருந்தது; அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்த்து முடித்த ராத்திரி, "இத்தனை பேர் திங்கறதும் கழிக்கறதும் எங்க மாப்ள போகுது?" என்று கேட்டேன். அவன் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊர விட்டு வந்தும் மாமாவுக்கு ஊரு ஞாபகம் போகலீங்க" என்றாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தெரிந்தவர்கள் ஒரு குழுவாகச் செமாக்காவ் பார்க்கப் போவதை எப்படியோ விசாரித்து, அதில் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துவிட்டான்.

சிங்கப்பூர் பெருந்தீவுக்குத் தெற்கே 8 கிலோமீட்டர். படகிலிருந்து பார்த்தால் கடல்மட்டத்தில் பச்சையாய் ஒரு கோடு. கிட்டே போகப் போக அந்தக் கோடு கருங்கல் கரையாகிறது. செமாக்காவ், சாகெங் என்ற இரண்டு தீவுகளையும் சேர்த்துக் கடலுக்குள்ளேயே 7 கிலோமீட்டருக்குக் கரை கட்டி வளைத்திருக்கிறார்கள். கரையின் உட்புறம் நீர் கசியாத விரிப்பு, அதோடு கடற்களிமண். மொத்தம் 350 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் 865 ஏக்கர். செலவு 61 கோடி சிங்கப்பூர் வெள்ளி. 1999 மார்ச் 31-ஆம் தேதி பெருந்தீவில் இருந்த லோரோங் ஹாலூஸ் குப்பைமேட்டை மூடினார்கள். மறுநாள், ஏப்ரல் 1-ஆம் தேதி, இதைத் திறந்தார்கள். ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. இந்த விவரம் எனக்குக் கரையின் நீளத்தைவிடப் பெரிதாகப் பட்டது.

கரைமேல் ரோடு. பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கம் திறந்த கடல், கப்பல்கள். மறு பக்கம் பாத்தி பாத்தியாகத் தடுத்த குளங்கள். முதல் கட்டத்தில் இப்படி 11 பாத்திகள். நிரம்பியவற்றின் மேல் மண் போட்டு மூடியாயிற்று. புல் முழங்கால் உயரம் நிற்கிறது, கொக்கு மேய்கிறது. நம்மூர்ப் புறம்போக்கு நிலம் ஒன்று மழைக்காலத்தில் இருக்குமே, அந்தச் செழிப்பு. கரை கட்டும்போது அழிந்த அலையாத்திக் காட்டுக்கு ஈடாக 13 ஹெக்டேரில் 4 லட்சம் கன்று நட்டு வளர்த்திருக்கிறார்கள். பிச்சாவரம் போனவர்களுக்கு அந்த வேர்கள் நிற்கும் தோரணை பழகியதுதான். குப்பை கரைக்கு வெளியே கசிந்தால் முதலில் வாடப்போவது இந்த மரங்கள்தான் என்று அழைத்துப் போன அம்மா சொன்னார். வேலைக்கு வைத்த காவலாளியைவிட நம்பகமான சாட்சி.

நாற்றம் இல்லாததன் ரகசியம் பெரிய ரகசியமல்ல. இங்கே வருவது குப்பை அல்ல, சாம்பல். வீட்டுக் குப்பையெல்லாம் பெருந்தீவிலேயே எரி ஆலைகளில் எரிகிறது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அந்த வெப்பத்தில் கரண்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எரியாத பொருள்களோடு சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 2,000 டன் துவாஸ் துறையிலிருந்து மூடிய படகில், இரவில், இழுவைப்படகின் துணையோடு வருகிறது. இறக்குமிடத்துக்குக் கூரையும் சுவரும் உண்டு. படகு உள்ளே நுழைந்து நிற்க, ராட்சத எந்திரக் கை அள்ளி லாரியில் போடுகிறது. தூசி பறக்காமல் இருக்கச் சாம்பலை ஈரமாக்கித்தான் அனுப்புகிறார்கள். மாதிரிக்கு வைத்திருந்த சாம்பலைக் கிட்டே போய்ப் பார்த்தேன். சிமென்ட் நிறம். இடையிடையே கடுகளவு கண்ணாடி, நகமளவு பீங்கான் சில்லு. ஒரு சில்லில் நீலப் பூ வேலைப்பாடு அப்படியே இருந்தது. யார் வீட்டுச் சோற்றுக் கிண்ணமோ.

இந்தத் தீவை ஒருமுறை விரிவுபடுத்தியும் இருக்கிறார்கள். 2015 ஜூலையில் இரண்டாம் கட்டம் திறந்தது: 157 ஹெக்டேரில் ஒரே பாத்தி. கரை ஏற்கெனவே இருந்ததால் திறந்திருந்த ஒரு வாயை அடைத்தால் போதுமானதாக இருந்தது. விரிவாக்கம் என்றதும் பதறிப்போய்க் கூடுகிற பஞ்சாயத்து இல்லை, மறியல் இல்லை, வழக்கு இல்லை. சுற்றிலும் கடல்.

யாருமே இல்லாத இடம் என்றும் சொல்ல முடியாது. சாகெங்கில் மலாய் மீனவர்கள் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றிய மரவீடுகளில் வாழ்ந்தார்கள். குப்பைக் கரை கட்டுவதற்கு முன், 1990-களின் முற்பாதியில், கடைசிக் குடும்பங்களும் பெருந்தீவின் அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூடம், கடை எல்லாம் இருந்த ஊர். பஸ் அந்தப் பக்கம் போகும்போது பார்க்க ஒன்றுமில்லை. குப்பை எங்கே போனாலும் யாரோ ஒருத்தர் எழுந்து இடம் விடத்தான் வேண்டியிருக்கிறது போலும். சிங்கப்பூர் அதை முன்னாலேயே, கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துச் செய்தது என்பதுதான் வித்தியாசம். அந்த மீனவர்களுக்கு அது ஈடாகுமா என்று நான் சொல்லக்கூடாது.

பஸ் திரும்பும்போது அந்த அம்மா, பல்லடம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற சாதாரணத்தோடு, "2035-ல் இது நிரம்பிவிடும்" என்றார். முதலில் 2045 வரை தாங்கும் என்று போட்ட கணக்காம். குப்பை கூடியதால் பத்து வருஷம் முன்னுக்கு வந்துவிட்டது. அதைத் தள்ளிப்போட, 2030-க்குள் தீவுக்கு வரும் குப்பையைத் தலைக்கணக்கில் 30 சதவீதம் குறைக்க 2019-ல் ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். சாம்பலையே ரோடு போடும் மணலாக மாற்ற முடியுமா என்றும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட 2035 தெரியுமாம்.

எனக்கு உறைத்தது அங்கேதான். நாற்றம் இல்லாதது அதிசயம்தான். காசு இருந்தால் அதை வாங்கிவிடலாம். குப்பைக்கு ஒரு தேதி போட்டு, அதை எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்களே, அது காசில் மட்டும் வருவதில்லை.

எங்கள் பக்கம் நிலத்துக்கடியில் பாறை. வீடு கட்ட, ரோடு போட, கம்பெனி கட்ட, கிரஷர்காரர்கள் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் வெட்டி எடுத்துவிட்டுப் போனால், அடி தெரியாத குழி நிற்கும். மழைக்குப் பச்சைத் தண்ணீர் நிறையும். பையன்கள் நீச்சல் பழகப் போய் வருஷத்துக்கு ஒரு வீட்டிலாவது அழுகுரல் கேட்கும். அதுதான் பாறைக்குழி. திருப்பூரின் கட்டடமெல்லாம் அந்தக் குழிகளிலிருந்து எழும்பியவை. கட்டடங்களுக்குள் இருந்து வெளியேறும் குப்பை திரும்ப அந்தக் குழிகளுக்கே போகிறது. நாளொன்றுக்கு 700, 800 டன் என்று பத்திரிகைகளில் கணக்கு வரும். ஒரு குழி நிரம்பினால் அடுத்த குழி. அங்கே எதிர்ப்புக் கிளம்பினால் அதற்கடுத்தது.

2008-ல் திருப்பூர் மாநகராட்சி ஆனது. 2011-ல் எங்கள் நல்லூர் நகராட்சி, வேலம்பாளையம் நகராட்சி, சுற்றியிருந்த எட்டு ஊராட்சிகள் எல்லாம் அதோடு சேர்ந்தன. ஊருக்கு வெளியே என்று நாங்கள் கை காட்டிக்கொண்டிருந்த இடமெல்லாம் ஒரே கையெழுத்தில் ஊருக்குள் வந்துவிட்டது. அப்புறம் வெளியே என்பது இன்னொருவர் ஊராட்சி. 2025-ல் முதலிபாளையத்திலும், மேற்கே இடுவாய் சின்னக்காளிபாளையத்திலும் பெண்களும் வயசானவர்களும் குப்பை லாரிக்கு முன்னால் உட்கார்ந்தது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த சேதி. முதலிபாளையம் என்றால் சும்மா காடு இல்லை. சிட்கோ தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. பின்னலாடை வடிவமைப்பு சொல்லித்தரும் நிஃப்ட்-டீ கல்லூரி அங்கே இருக்கிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர், தன் அடுத்த தலைமுறை டிசைனர்களைப் படிக்க வைக்கிற பக்கம் அது.

நல்லூரில் நான் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். பவர் டேபிள், ஓவர்லாக், கடைசியில் நாலு பேர் செக்கிங். முதலிபாளையம் பக்கமிருந்து வேலைக்கு வரும் ஒரு அக்கா சொல்வார்: "ஒரு கையில விசிறிக்கிட்டு ஒரு கையில சோறு திங்கறமுங்க. ஈ மொய்க்காத சோத்தத் தின்னு எத்தன நாளாச்சு." போர் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று குடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். வாங்குகிற சம்பளத்தில் அது ஒரு வாடகை மாதிரி. பாறை என்றால் தண்ணீர் இறங்காது என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் வருவதே பாறை வெடிப்புகளில் இருந்துதான். குழியின் அடியில் விரிப்பு இல்லையென்றால், குப்பையில் ஊறி இறங்கும் சாற்றுக்கும் அதே வெடிப்புதான் வழி.

இப்படி ஒரு குழி விரிந்துகொண்டே போனால் சுற்றியுள்ள ஊர் வளராமல் நின்றுவிடும் என்று மேடைகளில் பேசுவார்கள். நான் பார்த்த வரையில் ஊர் நிற்பதில்லை. வேறு மாதிரி வளர்கிறது. ஏற்றுமதிக் கம்பெனி ஷெட் போட இடம் தேடுபவர் ரோடு பார்ப்பார், கரண்ட் பார்ப்பார், மூன்றாவதாகப் பையர் வந்து இறங்கினால் முகம் சுளிக்காமல் இருப்பாரா என்று பார்ப்பார். அவர் வேறு பக்கம் போய்விடுவார். பள்ளிக்கூடம் வராது, பிரசவ ஆஸ்பத்திரி வராது. ஆனால் வேஸ்ட் குடோன் வரும், பழைய இரும்புக் கடை வரும், லாரி நிறுத்துமிடம் வரும். வாடகை இறங்குவதால் லைன் வீடுகள் வரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நேற்று ரயிலில் வந்து இறங்கிய பையன்கள் அதில் நிறைவார்கள். ஆள்தொகைக் கணக்கில் அதுவும் வளர்ச்சிதான். மறியலுக்கு உட்கார அவர்களுக்கு ஓட்டும் இங்கே இல்லை, லீவும் இல்லை.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ரெடி என்ற பொருளியல்காரர் இதைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்திருக்கிறார். நாளொன்றுக்கு 500 டன்னும் அதற்கு மேலும் வாங்கும் பெரிய குப்பைமேட்டை ஒட்டிய வீடுகளின் விலை சராசரியாக ஏறக்குறைய 14 சதவீதம் இறங்குகிறது; சிறியவற்றில் 3 சதவீதத்துக்கும் கீழே; சிறியவற்றில் சிலவற்றுக்குப் பாதிப்பே தென்படவில்லை. அந்த நாட்டு வீட்டு விலை நம் சென்ட் கணக்குக்கு அப்படியே ஒத்துவராது. ஆனாலும் அளவு பெருகும்போதுதான் அடி பலமாக விழுகிறது என்பது நம் பக்கமும் கண்ணால் பார்க்கிற சங்கதி. நாலு தெருக் குப்பையை வாங்கிய குழியின் பக்கத்தில் கல்யாண மண்டபமே நடந்தது. மாநகரத்தின் குப்பை வர ஆரம்பித்தபின் கதை வேறு.

படகில் திரும்பும்போது மாப்பிள்ளையின் போனில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2016-ஆம் வருஷத் திடக்கழிவு விதிகள், குப்பை நிரப்பும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று வைத்திருந்தன. குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர். சரி, 10 ஏக்கரில் வட்டமாக ஒரு குழி என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி 200 மீட்டர் விட்டால் வெளிவட்டம் 76 ஏக்கர் வருகிறது. குப்பை கிடப்பது 10 ஏக்கர். அதனால் வீடு கட்ட லாயக்கில்லாமல் போவது 66 ஏக்கர். குழியை 20 ஏக்கராக விரித்தால் சுற்று வளையம் 81 ஏக்கர் ஆகிறது. குழிக்குள் போன 10 ஏக்கர் போக, பக்கத்துக் காட்டுக்காரர்களிடமிருந்து இன்னொரு 15 ஏக்கர் சத்தமில்லாமல் கழிந்துவிடுகிறது. குழிக்குப் போன நிலத்துக்கு விலை கிடைக்கும். இந்த வளையத்துக்கு யார் கொடுப்பது? அந்தப் பூமிக்காரர் பட்டாவோடு, கிணற்றோடு, தென்னையோடு அப்படியேதான் இருப்பார். மகளுக்குக் கல்யாணம் வைத்து அதை விற்கப் போகும்போதுதான் தெரியும்.

"அப்ப விரிக்கறதுக்கு முன்னாடியே வளையத்தையும் சேத்து வாங்கிடணுமுங்க மாமா" என்றான் மாப்பிள்ளை. வாங்கினால் சரி. செமாக்காவில் வளையத்துக்குக் கடல் இருந்தது.

கடல் சூழ்ந்த இன்னொரு நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கொழும்பில் புளூமெண்டால் குப்பைமேட்டில் கொட்டுவது 2009-ல் நீதிமன்றத் தலையீட்டால் நின்றபோது லாரிகள் மீத்தொட்டமுல்லைக்குத் திரும்பின. தற்காலிகம் என்று தொடங்கியது தங்கிவிட்டது. பக்கவாட்டில் வீடுகளைத் தின்றும், மேலே உயர்ந்தும் வளர்ந்த அந்த மேடு 2017 ஏப்ரல் 14-ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டு அன்று, சரிந்து விழுந்ததில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலகாரம் செய்து வைத்திருந்த வீடுகள். எதிர்ப்புத் தெரிவித்து அந்தச் சனங்கள் வருஷக்கணக்காகத் தெருவில் நின்றிருக்கிறார்கள். தேதி கேட்டுத்தான் நின்றிருப்பார்கள்.

மாப்பிள்ளை குடியிருப்பது பொங்கோலில். அடுத்த நாள் சாயங்காலம் காலாற நடக்கலாம் என்று ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனான். சிவப்பு வண்ணம் அடித்த பாலம், சைக்கிள் பையன்கள், நாய்க்குட்டியோடு தம்பதிகள். பாலத்தைத் தாண்டினால் நாணல். அது எந்த இடம் என்று பலகையைப் படித்தபின்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லோரோங் ஹாலூஸ். செமாக்காவ் திறப்பதற்கு முந்தின நாள் மூடினார்களே, அதே குப்பைமேடு.

இங்கே எரித்த சாம்பல் மட்டுமல்ல, நம்மூர் மாதிரி பச்சையாகவே கொட்டிய குப்பையும் மண்ணுக்கடியில் கிடக்கிறது. பக்கத்து ஆற்றை அணைகட்டிக் குடிநீர்த் தேக்கமாக மாற்ற முடிவானபோது, குப்பைச்சாறு அதில் கலக்காமல் இருக்க நிலத்துக்கடியில் ஒரு தடுப்புச் சுவரை இறக்கினார்கள். சாற்றை எடுத்துப் பாத்திகளில் விட்டு, நாணலையும் சம்பையும் வளர்த்து, வேர்களில் ஊறவிட்டுச் சுத்தம் செய்கிறார்கள். 2011-ல் இதைப் பூங்காவாகத் திறந்திருக்கிறார்கள். நொய்யல் ஓரம் எங்கள் சிறுவயசில் நின்ற அதே சம்பு, அதே பழுப்புக் கதிர். குனிந்து தொட்டுப் பார்த்தேன். பாத்தித் தண்ணீர் தேயிலைச் சாயம். குப்பை கொட்டி நிறுத்தி எத்தனையோ வருஷமாகியும் அடியில் இன்னும் சாறு ஊறுகிறது, இன்னும் வடிகட்டுகிறார்கள். மூடிவிட்டோம் என்று ரிப்பன் வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. நம்மூரில் நிரம்பிய குழியின் மேல் மண்ணைத் தள்ளி, அடுத்த மாதமே கல் நட்டு மனை பிரிக்கிறவர்களை இங்கே ஒரு நாள் கொண்டுவந்து நிறுத்தலாம்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பன்றிப் பண்ணைகள் இருந்த பொங்கோலைப் புதிய நகரமாக்கும் திட்டத்தை 1996-ல் அறிவித்தார்கள். 1999-ல் குப்பைமேடு மூடல். 2003-ல் ரயில். 2011-ல் நாணல் பூங்கா. குப்பைமேட்டை மூடியதால்தான் நகரம் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரயில் வராமல் இருந்திருந்தால் யார் வந்திருப்பார்கள்? ஆனால் அங்கே வீடு வாங்கியவனுக்கு எதிர்க்கரையில் என்ன இருந்தது, எப்போது போனது, அங்கே என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும். நல்லது கெட்டது தெரிந்து விலை பேசியிருப்பான்.

சிங்கப்பூரை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து காங்கேயம் ரோட்டில் வைக்க முடியாது. எங்கள் குப்பையில் பாதி ஈரம்: வாழையிலை, காய்கறித் தோல், மெஸ்ஸில் மிஞ்சின சாம்பார். அதை எரிக்கப் போனால் முதலில் காய வைக்கவே ஒரு ஆலை வேண்டும். பிரித்துக் கொடுத்தால் அந்தப் பாதி உரமாகிவிடும், குழிக்கே வராது. இதைச் செய்யத் தெரியாத ஊரா திருப்பூர்? கட்டிங் வேஸ்ட்டில் ஒரு பிடி துணி தெருவில் கிடக்குமா? வெள்ளை தனி, கலர் தனி, காட்டன் தனி, பாலியெஸ்டர் தனி என்று பிரித்துக் கிலோ விலை பேசி, அது மறுபடி நூலாகித் திரும்பி வருகிறது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயத் தண்ணீர்த் தொட்டியாக்கிய ஊரும் இதுதான். கீழே இருந்த விவசாயிகளின் காடு கெட்டு, வழக்காகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சாயத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துத் தண்ணீரையும் உப்பையும் திரும்பச் சாயத்துக்கே விடுகிற ஊரும் இதுதான்.  அந்தத் தீர்ப்புக்கு மதிப்பிருக்கிறது என்று தெரிந்ததும் ஊர் புத்தியைத் தேடிக்கொண்டது. பிரித்தால் காசு, பிரிக்காவிட்டால் பூட்டு. வாழையிலைக்கு இரண்டுமே இல்லை.

பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றபோதுதான் மாப்பிள்ளை மெதுவாக விஷயத்துக்கு வந்தான். ஊருக்குத் திரும்பி வந்தால் இருக்கட்டும் என்று முதலிபாளையம் பக்கம் 5 சென்ட் சைட் பார்க்கலாமென்று இருக்கிறானாம். விலை இறங்கியிருக்கிறதென்று கேள்விப்பட்டானாம். "நீங்க ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க மாமா."

அங்கிருந்தே எனக்குப் பழக்கமான புரோக்கருக்குப் போன் போட்டேன். ஊரில் மதியம் சாப்பிட்டுச் சாய்ந்திருந்தவர் குரலில் ஒரே உற்சாகம்.

"ஏனுங்ணா, சிங்கப்பூருல இருந்தா? சொல்லுங்க சொல்லுங்க. அருமையான சைட்டுங்க. கெழக்கு பாத்தது."

"அது இருக்கட்டுமுங்க. குழி பக்கத்துல வருதே."

"குழியெல்லாம் நெறஞ்சு போச்சுங்ணா. இனிமே அங்க ஒரு லாரி வராது. அடுத்தது வேற பக்கம் போகுதுங்க. நீங்க இப்ப வாங்கிப் போடுங்க, ரெண்டு வருசத்துல பாருங்க."

"வேற பக்கம்னா எந்தப் பக்கமுங்க?"

கொஞ்சம் தயங்கினார். பின்னால் ஒரு சேவல் கூவியது.

"அது தெரிஞ்சா, அங்க இருக்கற என்ர பூமிய வித்துப்போட்டு நானே இத வாங்கியிருக்க மாட்டனுங்களா?"